பல பணியா, ஒரு பணியா? சிறு நிறுவனங்களுக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் காட்டும் வழி

சித்தூர் போன்ற ஒரு நடுத்தர நகரின் கடைவீதியில் நடந்து செல்பவர், ஒரே பெயர்ப் பலகையில் பல பணிகளின் பெயர்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மோட்டார் காயில் கட்டப்படும். மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர், தொலைக்காட்சி பழுது பார்க்கப்படும். வீட்டு மின்னிணைப்பு செய்து தரப்படும். உதிரிப் பாகங்கள் கிடைக்கும். உள்ளே பணிபுரிவோர் மூவராக இருப்பர். திருப்பதி இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சுற்றுலா அலுவலகங்களின் பலகைகளும் இவ்வாறே. வாடகைக் கார், தங்கும் அறை, பேருந்துச் சீட்டு, இரயில் சீட்டு, கோயில் சுற்றுலா ஆகிய யாவும் ஒரே மேசையில் விற்கப்படுகின்றன.

வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்பலாகாது என்பது இவர்களின் கொள்கை. பல தலைமுறைகளாகக் கடைவீதிகளில் கற்பிக்கப்பட்டு வரும் பாடமும் அதுவே. ஆயினும் நாள் முழுதும் ஓயாது உழைத்தும் மாத இறுதியில் கையில் நிற்பது சொற்பமாக இருக்கும் நிலையையும் இத்தகைய நிறுவனங்களில்தான் மிகுதியாகக் காண்கிறோம். செய்யும் பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் தொழில் வளருமா, தேயுமா என்னும் கேள்வி சிறு முதலாளிகளின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடையது. அதற்கான விடை சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே பல வடிவங்களில் கிடைக்கிறது.

சந்தையின் அளவும் பணிப் பிரிவினையும்

பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் குண்டூசித் தொழிற்சாலையை எடுத்துக்காட்டினார். பத்துத் தொழிலாளர் பணியைப் பகிர்ந்துகொண்டு நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் வரை செய்ய முடிந்தது. இந்த எடுத்துக்காட்டைப் பலரும் அறிவர். அதனை அடுத்து அவர் கூறிய வரம்பை நினைவில் கொள்பவர் குறைவு. பணிப் பிரிவினை எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைச் சந்தையின் அளவே முடிவு செய்கிறது என்றார் அவர். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தமையால் ஒவ்வோர் உழவனும் தன் குடும்பத்துக்குத் தானே இறைச்சி வெட்டுபவனாகவும் ரொட்டி சுடுபவனாகவும் இருக்க வேண்டியிருந்தது என்பதை அவர் சுட்டிக் காட்டினார்.

சிறு நகரின் பழுதுபார்க்கும் கடை பல பணிகளை மேற்கொள்வதற்கும் இதுவே காரணம். ஒரு பணிக்கு மட்டும் வரும் வாடிக்கையாளரின் எண்ணிக்கை மூவரின் உழைப்பு நேரத்தை நிரப்பப் போதுமானதாக இல்லை. பருவ மாற்றமும் மற்றொரு காரணமாகிறது. கோடையில் மின்விசிறியும் மோட்டாரும் வருகின்றன. மழைக்காலத்தில் அவை குறைகின்றன. மூன்றாவதாக, அண்டை வீட்டார், உறவினர், கடன் கொடுத்தவர் ஆகியோரிடம் இயலாது என்று சொல்வது நம் ஊர்களில் எளிதன்று. ஆகவே பல பணிகளைச் செய்யும் சிறு முதலாளியை அறியாமை உடையவர் என்று கருதுவது பொருந்தாது. அவர் இடரைப் பகிர்ந்து வைத்துள்ளார். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. குறை அங்கேதான் உள்ளது.

ஒரு பட்டறையின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒரு மின்பட்டறையைக் கற்பனை செய்து கொள்வோம். முதலாளியும் இரு உதவியாளரும் ஆளுக்கு 200 மணி நேரம் வீதம் மாதம் 600 மணி நேரம் உழைக்கின்றனர். மூலப்பொருட் செலவு நீக்கிய வரவு பின்வருமாறு அமைகிறது எனக் கொள்வோம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுதல் 200 மணி நேரத்தில் 40,000 ரூபாய். மிக்ஸியும் கிரைண்டரும் 150 மணி நேரத்தில் 18,000 ரூபாய். மின்விசிறி 80 மணி நேரத்தில் 8,000 ரூபாய். தொலைக்காட்சி 90 மணி நேரத்தில் 5,400 ரூபாய். வீட்டு மின்னிணைப்பு 80 மணி நேரத்தில் 9,600 ரூபாய். மொத்த வரவு 81,000 ரூபாய். வாடகை, கூலி, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு 49,000 ரூபாய் போக, முதலாளிக்கு எஞ்சுவது 32,000 ரூபாய்.

பெரும்பாலான பட்டறைகளில் இந்தக் கடைசி எண் மட்டுமே தெரியும். பணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு காட்சி தோன்றுகிறது. மோட்டார் வேலை மணிக்கு 200 ரூபாய் தருகிறது. மின்விசிறி 100 ரூபாய் தருகிறது. தொலைக்காட்சி 60 ரூபாய்தான் தருகிறது. தொலைக்காட்சி வேலைக்கெனத் தனிக் கருவிகளும் உதிரிப் பாகங்களும் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் முடங்கிய முதலுக்கான வட்டி இக்கணக்கில் சேரவில்லை. ஒரு முறை சரி செய்தது மீண்டும் பழுதாகித் திரும்பி வரும்போது வீணாகும் நேரமும் சேரவில்லை.

தொலைக்காட்சி, மின்விசிறி ஆகிய இரண்டையும் விட்டுவிட்டால் 170 மணி நேரம் மிச்சமாகிறது. 13,400 ரூபாய் வரவு போகிறது. ஒரு மோட்டாருக்குப் பத்து மணி நேர உழைப்பும் 2,000 ரூபாய் வரவும் எனக் கொண்டால், மாதம் 20 மோட்டார் வரும் இடத்தில் 27 மோட்டார் வந்தால் இழப்பு ஈடாகிவிடும். முப்பது வந்தால் 6,600 ரூபாய் கூடுதல் வரவு. அப்போதும் 70 மணி நேரம் கைவசம் இருக்கும். ஆனால் கூடுதலாக ஒரு மோட்டாரும் வரவில்லையென்றால் முதலாளியின் மாத மிச்சம் 32,000 ரூபாயிலிருந்து 18,600 ரூபாயாகச் சரிந்துவிடும்.

ஆகவே குறைப்பதா வேண்டாமா என்னும் கேள்வியின் உயிர்நாடி அந்த ஏழு மோட்டார்களில் இருக்கிறது. அவை எங்கிருந்து வரும்? சித்தூர்ப் பகுதி மழை குறைந்த நிலம். வேளாண்மை பெரிதும் ஆழ்துளைக் கிணறுகளையும் நீர்மூழ்கி மோட்டார்களையும் நம்பியுள்ளது. பயிர் வாடும் வேளையில் மோட்டார் எரிந்துபோன உழவர் ஒருவர், ஊரில் உள்ள பட்டறை ஒரு வாரம் கழித்துத் தரும் என்றால் காத்திருக்க மாட்டார். இரண்டு நாளில் தருவதாக உறுதி கூறும் பட்டறைக்கு இருபது மைல் கடந்தும் செல்வார். மின்விசிறியும் தொலைக்காட்சியும் மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் வரை அந்த உறுதியை எந்தப் பட்டறையும் தர இயலாது. பணியைக் குறைப்பதனால் கிடைக்கும் உண்மையான நன்மை, சந்தையை விரிவாக்கும் இந்த ஆற்றலேயாகும்.

புத்தூரின் அனுபவம்

இவ்வாறு ஒரே பணியால் நெடுந்தொலைவுச் சந்தையைப் பெற்ற தொழிலுக்கு இவ்வட்டாரமே சான்றளிக்கிறது. திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் வழியில் புத்தூர் உள்ளது. அதனை அடுத்த ராசபாளையம் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தார் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தை வழிவழியாகச் செய்து வருகின்றனர். இவ்வைத்தியம் 1881ஆம் ஆண்டில் கேசவ ராஜு என்பவரால் தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பச்சிலை, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை ஆகியவையே இதன் பொருள்கள்.

நாட்டு வைத்தியர் என்போர் பொதுவாகக் காய்ச்சல் முதல் பாம்புக்கடி வரை எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்து வந்த காலத்தில், இக்குடும்பம் எலும்பு ஒன்றையே எடுத்துக்கொண்டது. அதன் விளைவாகத் தமிழகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தும் மக்கள் ஒரு சிற்றூரைத் தேடி வந்தனர். ‘புத்தூர் கட்டு’ என்பது தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. கட்டடமோ விளம்பரமோ பெரிதாக இல்லாமல் ஒரு பணியால் மட்டுமே சந்தை விரிவடையக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்த அனுபவத்தில் இரண்டு எச்சரிக்கைகளும் அடங்கியுள்ளன. முதலாவது, பெயரைப் பற்றியது. தமிழகத்தின் பல நகரங்களில் இன்று ‘புத்தூர் கட்டு’ என்னும் பலகைகள் தொங்குகின்றன. ஊரின் பெயரும் பணியின் பெயரும் இணைந்து பொதுச்சொல்லாகிவிட்டால் அப்பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். தரத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போகிறது. ஒரு பணியில் பெயர் பெற விழையும் நிறுவனம், தொடக்கத்திலேயே தனக்கெனத் தனிப் பெயரைத் தேர்ந்து வணிகக்குறியாகப் பதிவு செய்து கொள்வது நலம்.

இரண்டாவது எச்சரிக்கை முக்கியமானது. ஒரு பணியில் வல்லவர் எனப் பெயர் பெற்றவரிடம், அவரால் செய்ய இயலாதவையும் வந்து சேரும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, இரத்த ஓட்டம் தடைப்பட்ட கை கால் ஆகியவை உடனடியாக அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டியவை. பாரம்பரிய முறையில் இறுகக் கட்டியதால் இரத்த ஓட்டம் நின்று உறுப்பையே இழக்க நேர்ந்த நிகழ்வுகளை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் எலும்பு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ‘பர்ட்’ என்னும் எலும்பு மருத்துவ நிலையம் அருகிலேயே உள்ளது. தன் எல்லை எதுவென அறிந்து, எல்லைக்கு அப்பாற்பட்டதை உரிய இடத்துக்கு அனுப்பும் நேர்மை இல்லையேல், பணியைக் குறுக்கியவரின் வல்லமையே பிறருக்குத் தீங்காக முடியும். மோட்டார் பட்டறைக்கும் இது பொருந்தும். தான் விட்டுவிட்ட வேலைக்கு யாரிடம் செல்லலாம் என்று வழிகாட்டும் கடையின்மேல் மக்களுக்கு நம்பிக்கை மிகுகிறது.

மதுரையிலிருந்து திருப்பதிக்கு

பணியைக் குறுக்கி மக்கள் வட்டத்தை விரிவாக்கும் முறையை நவீன நிர்வாகத்தோடு இணைத்துக் காட்டியது அரவிந்த் கண் மருத்துவமனையாகும். அது ஓர் அறக்கட்டளை நிறுவனம். இன்று சிறியதும் அன்று. எனினும் அதன் தொடக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றை நடத்துவதற்குத் தேவை மிகுதியாக இருந்தும் கண் ஒன்றையே எடுத்துக்கொண்டார். கண்ணிலும், பார்வையிழப்புக்குத் தலையாய காரணமாக இருந்த கண்புரைக்கே முதலிடம் தந்தார்.

ஒரே வகை அறுவை மீண்டும் மீண்டும் நிகழும்போது அதன் ஒவ்வொரு படியையும் ஆராய்ந்து பிரிக்க முடிகிறது. மருத்துவரின் கை மட்டுமே செய்யக் கூடியதை மருத்துவரிடம் விட்டு, பார்வைச் சோதனை, நோயாளியை ஆயத்தப்படுத்துதல், அறிவுரை கூறுதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் மேற்கொண்டனர். ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் அறுவை முடிவதற்குள் மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். 1992ஆம் ஆண்டில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைத் தயாரிக்க ஆரோலேப் தொடங்கப்பட்டது. இறக்குமதி வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்த காலத்தில், அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே வில்லை கிடைக்கலாயிற்று. ஒரே பொருளின் தேவை பெருமளவில் இருந்தமையால்தான் அதனை உள்நாட்டில் செய்வது இயன்றது.

இங்குக் கவனிக்க வேண்டுவது யாதெனில், பணி குறுகிய அளவுக்கு மக்கள் வட்டம் குறுகவில்லை என்பதாகும். மருத்துவமனை கிராமங்களுக்கு முகாம்கள் வழியே சென்றது. கட்டணம் செலுத்துவோர், செலுத்த இயலாதோர் ஆகிய இருசாராரையும் ஏற்றது. முன்னவரின் கட்டணம் பின்னவரின் சிகிச்சைக்கு உதவியது. அதே முறை 2019ஆம் ஆண்டில் திருப்பதிக்கும் வந்து சேர்ந்தது. பொது மருத்துவத்துக்கும் உயர் சிகிச்சைக்கும் வேறு நிறுவனங்கள் உள்ள ஊரில், கண்ணுக்கென ஒரு மருத்துவமனை தன் பணியை மட்டும் செய்வது எளிதாகிறது. விடப்பட்ட பணியை ஏற்பதற்கு அருகில் ஒருவர் இருக்கும்போதுதான் பணியைக் குறுக்குவது சமூகத்துக்கும் நன்மையாகிறது.

குறுக்கியதால் வரும் இடர்

இவற்றைக் கொண்டு, ஒன்றையே செய்தால் போதும், செல்வம் தானே வரும் என்று முடிவு செய்வது தவறாகும். அதற்கு மறுப்பாகவும் இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு.

சித்தூர்ப் பகுதி மாம்பழக் கூழுக்குப் பெயர் பெற்றது. ‘தோதாபுரி’ எனப்படும் கிளிமூக்கு மாங்காயே இங்குப் பெருமளவில் கூழாக்கப்படுகிறது. மேற்காசிய நாடுகளும் ஐரோப்பிய நாடுகளும் இதனை வாங்குகின்றன. தோட்டம், ஆலை, சரக்கு வண்டி, கூலி ஆள் ஆகிய யாவும் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஒரே பழத்தைச் சுற்றி இயங்குகின்றன. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் மிகுந்தது, முந்தைய ஆண்டின் கூழே ஆலைகளில் தேங்கிக் கிடந்தது, விலை வீழ்ந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கச் செய்வதற்காக ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் தர வேண்டுமென ஆந்திரப் பிரதேச அரசு அறிவித்தது. பிற மாநிலத் தோதாபுரி உள்ளே வருவதைத் தடுத்து மாவட்ட நிர்வாகம் ஜூன் மாதத்தில் ஆணையிட்டது. அதனை எதிர்த்துக் கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுதினார். பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் நாட்கணக்கில் காத்து நின்றன.

இங்கு நேர்ந்தது என்ன? ஆலைகளின் வல்லமை கூழாக்குதல், கிருமி நீக்குதல், அடைத்தல் ஆகியவற்றில் உள்ளது. அந்த வல்லமை ஒரே பழத்தோடும், ஒரே பருவத்தோடும், சில வாங்குவோரோடும் கட்டுண்டபோது இடர் பெருகியது. கொய்யா, பப்பாளி போன்ற பழங்களையும் கூழாக்கும் ஆலைகள் இவ்வட்டாரத்தில் உண்டு. அவையும் செய்வது ஒரே பணிதான். ஆனால் அப்பணியைப் பல பருவங்களுக்குப் பரப்பியுள்ளன.

திருப்பதியின் சிறு வணிகர் இதே பாடத்தை 2020ஆம் ஆண்டில் கற்றனர். நாளொன்றுக்கு அறுபது எழுபதாயிரம் பேர் வழிபடும் திருமலைக் கோயிலில், கொரோனாத் தொற்றின் காரணமாக மார்ச்சு மாதப் பிற்பகுதி முதல் ஜூன் மாதத் தொடக்கம் வரை பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. திருப்பதியைப் போல் சந்தை அகன்ற ஊர் அரிது. அங்கே ஒரு சுற்றுலா அலுவலகம் திருச்சானூர், காளத்தி, காணிப்பாக்கம் ஆகிய கோயில்களுக்கு ஒரு நாள் கார்ப் பயணம் என்னும் ஒன்றை மட்டும் செம்மையாகச் செய்தே நன்கு வாழலாம். ஆயினும் வாடிக்கையாளர் யாவரும் ஒரே வாயில் வழியே வருபவராக இருந்தால், அவ்வாயில் மூடும் நாளில் தொழிலும் மூடும். காரோட்டுவது ஒரே பணியாக இருக்கலாம். ஆனால் உள்ளூர் மருத்துவமனை, கல்லூரி, தொழிற்சாலை ஆகியவற்றிலும் அப்பணிக்கு வாடிக்கையாளர் இருத்தல் வேண்டும்.

எனவே இரண்டு வகைக் குறுக்கத்தையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. செய்யும் பணியைக் குறுக்குவது வலிமை தரும். வாங்குவோரின் வட்டத்தைக் குறுக்குவது வலிமையைக் குலைக்கும். முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதும் தன்னையறியாமல் நேர்ந்துவிடாமல் காப்பதே சிறு முதலாளியின் முதற் கடமை.

எவ்வாறு குறைப்பது?

முதற்படி கணக்கு. மூன்று மாதங்களுக்கேனும் ஒவ்வொரு பணியிலும் செலவான நேரம், பொருள், வரவு, திரும்பி வந்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். கடையில் மிகுந்த கூட்டம் சேர்க்கும் பணியே மிகுந்த வரவு தரும் பணி என்பது பெரும்பாலும் மயக்கமே. அதே வேளையில், ஒரு பணி தன்னளவில் வரவு குறைவாகத் தந்தாலும் மற்றொரு பணிக்கு வாடிக்கையாளரை அழைத்து வருவதாக இருக்கலாம். மோட்டார் கொண்டுவரும் உழவர், ஸ்டார்ட்டர் பெட்டியையும் அங்கேயே சரி செய்ய விரும்புவார். அதனை நீக்கினால் மோட்டாரும் வேறிடம் போய்விடும். ஆதலின் ஒன்றோடொன்று சேர்ந்தவற்றைச் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படி, நீக்கும் பணியை ஒப்படைக்க ஆள் தேடுவது. பட்டறையில் தொலைக்காட்சி வேலை அறிந்த உதவியாளர் ஒருவர் இருப்பின், அவர் தனியே கடை வைக்க உதவி, வரும் வேலையை அவருக்கே அனுப்பலாம். ஒருவரின் பணிக்குறைப்பு மற்றொருவரின் பிழைப்பைப் பறிப்பதாக அமையலாகாது. இவ்வழியில் ஒரு கடை இரண்டாகி, இரண்டும் தத்தம் பணியில் தேர்ச்சி பெறுகின்றன.

மூன்றாவது, இடைக்காலத்தைத் தாங்குவது. அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் உணவு விடுதி நடத்திய மெக்டொனால்டு சகோதரர் இருவர், 1948ஆம் ஆண்டில் விடுதியைச் சில மாதங்கள் மூடி, உணவு வகைகளை 25இலிருந்து 9ஆகக் குறைத்து மீண்டும் திறந்தனர். தொடக்கத்தில் பழைய வாடிக்கையாளர் அதிருப்தியுற்று விலகினர், வணிகம் சரிந்தது. சில மாதங்கள் சென்ற பின்னரே விரைவையும் மலிவையும் நாடிய புதிய கூட்டம் வந்தது. பெருநிறுவனமாகப் பின்னர் வளர்ந்த ஒன்றுக்கே இந்நிலை எனில், முதல் குறைந்த நம் கடைகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் நீக்குதல் தகாது. மிகக் குறைந்த வரவு தரும் பணியை முதலில் நீக்கி, மிச்சமான நேரம் நிரம்பியதைக் கண்ட பின் அடுத்ததை நீக்குவதே பாதுகாப்பானது.

அரசும் வங்கிகளும்

சிறுதொழில்களுக்கெனச் சில பொருள்களை ஒதுக்கீடு செய்யும் கொள்கை 1967ஆம் ஆண்டில் 47 பொருள்களுடன் தொடங்கியது. பின்னர் பட்டியல் நீண்டது. தாராளமயத்துக்குப் பின் படிப்படியாகச் சுருங்கியது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் எஞ்சிய 20 பொருள்களும் நீக்கப்பட்டன. எதைச் செய்வது என்று அரசு வரையறுத்துக் காத்த காலம் முடிந்தது. தனக்குரிய இடத்தைச் சிறு நிறுவனமே தேர்ந்துகொள்ள வேண்டிய காலம் இது. அத்தேர்வுக்குத் துணைபுரிவதே அரசு அமைப்புகளின் இன்றைய பங்கு.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உற்பத்தியோடு பணித்துறையையும் சேர்த்துக்கொண்டது. பழுது பார்க்கும் பட்டறையும் உத்யம் பதிவு பெறலாம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குவோர் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டுமென அச்சட்டம் விதிக்கிறது. சில வாங்குவோரையே நம்பி ஒரு பணியில் இறங்கும் நிறுவனத்துக்கு இவ்விதி ஒரு காப்பு. 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பி.எம். விசுவகர்மா திட்டம் தச்சர், கொல்லர், முடிதிருத்துவோர் உள்ளிட்ட 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாய் உதவியும் அளிக்கிறது. ஒரே பணியில் கருவியையும் கைத்திறனையும் உயர்த்த விரும்புவோருக்கு இது பயன்படும்.

வங்கிகளின் பார்வையும் மாற வேண்டுவதாகும். பல பணிகளைப் பட்டியலிடும் கடன் விண்ணப்பம் பாதுகாப்பானது போலத் தோன்றுகிறது. ஒரு பணியை மட்டும் குறிப்பிடும் விண்ணப்பம் ஐயத்தை எழுப்புகிறது. பணிகள் எத்தனை என்று கேட்பதோடு, வாடிக்கையாளர் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகின்றனர், எந்தப் பருவத்தில் வருகின்றனர் என்று வங்கி அலுவலர் கேட்பாராயின் உண்மையான இடர் எங்குள்ளது என்பது புலப்படும். இடைக்காலச் சரிவைத் தாங்கச் சில மாதத் தவணைச் சலுகை தருவதும் பயன் மிக்கதாகும்.

புத்தூரின் சிற்றூர் வைத்தியமும், பதினொரு படுக்கைகளிலிருந்து வளர்ந்த கண் மருத்துவமனையும், ஆலை வாயிலில் காத்து நின்ற மாம்பழ வண்டிகளும் ஒரே வட்டாரத்தின் பாடங்கள். சித்தூர்க் கடைவீதியில் பலகையை மாற்றி எழுத நினைக்கும் பட்டறை முதலாளி, எந்தப் பணியை அழிப்பது என்று முடிவு செய்யும் முன், எஞ்சிய பணிக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் நீளமாக இருக்குமானால் பலகை சுருங்குவதைப் பற்றி அவர் அஞ்ச வேண்டியதில்லை.